எச்சில் தொட்டுக் கிழித்த டிக்கெட்

போன வாரம் ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கையில் இருந்த மிஷினில் இரண்டு பட்டனைத் தட்டினார், கிர்ரென்று டிக்கெட் வெளியே வந்தது. இதே ரூட்டில் முப்பத்து மூன்று வருடம் பை மாட்டியவன் நான் என்று சொன்னதும் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“நீங்கல்லாம் நாக்குல விரலைத் தொட்டுத் தொட்டுத்தான் டிக்கெட் கிழிப்பீங்களாமே, நிஜமா சார்?”

“நிஜம்தாம்மா.”

“ஐயே!” என்றார்.

கோபமே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இப்போது மிஷினே டிக்கெட்டைத் துப்பிவிடுகிறது, நாங்கள்தான் கஷ்டப்பட்டுத் துப்பியிருக்கிறோம். ஆனால் அந்த ‘ஐயே’ என்னோடு வீடு வரைக்கும் வந்தது. கொரோனாக் காலத்தில் என் நாக்கு செய்த ஒரு காரியம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதை இதுவரை என் வீட்டில் தவிர யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் கட்டு என்பது மெல்லிய தாள். நூறு டிக்கெட் ஒரு கட்டு. கலர் கலராக நாலைந்து கட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு இடது கையில் பிடித்திருப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வெறும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்று கேட்டால் இரண்டு கிழிந்து வரும். கூட வந்த சீனியர் கண்டக்டர், “நாக்கு பேசறதுக்கு மட்டும் இல்ல தம்பி” என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. அதற்கப்புறம் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டுகூடக் கிழிப்பேன். ஒவ்வொரு கலருக்கும் ஒரு ருசி உண்டு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பச்சை லேசாகக் கசக்கும்.

பஸ்ஸெல்லாம் நின்றுபோன அந்த முதல் நாட்களில் நான் திருவானைக்காவலில் என் வீட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்து பழக்கமில்லை. என் மனைவி வசந்தா, “உள்ள வாங்க, உள்ள வாங்க, முன்னாடி எவ்ளோ இடம் கெடக்கு” என்று என் வசனத்தை எனக்கே சொல்லிக் கேலி செய்தாள். காந்தி மார்க்கெட்டை மூடிவிட்டு ஊருக்குள் மைதானம் மைதானமாகக் காய்கறிக் கடை போட்டிருந்தார்கள். நாங்கள் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தும் இடத்தில் கத்திரிக்காயும் தக்காளியும் குவிந்து கிடந்தன. தரையில் வட்டம் போட்டு வட்டத்துக்கு ஒருத்தராக நிற்கச் சொன்னார்கள். ‘இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போங்க’ என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன் நான். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, இதில் இன்னும் பத்துப் பேர் நிற்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

பத்து நாள்கூட ஆகியிருக்காது, டிப்போவிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து சிறப்புப் பஸ் விடுகிறார்கள், வர முடியுமா என்று கேட்டார்கள். வயதானவர்கள் விருப்பமில்லை என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றார்கள். வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். “போயிட்டு வாங்க. இங்க நின்னு நின்னு நிலைப்படி தேஞ்சிடும்” என்றாள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயம் வந்தால் அவள் இப்படித்தான் பேசுவாள்.

டிப்போவில் எங்களுக்கு வகுப்பு எடுத்தவர் செக்கிங் இன்ஸ்பெக்டர் அமலநாதன். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் ஏறுவார், டிக்கெட்டை எல்லாம் பார்ப்பார், டிக்கெட் நம்பர் எழுதி வைத்திருக்கும் என் இன்வாய்ஸைப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிடுவார். தப்பு இருந்தால் மட்டும் பக்கத்தில் வந்து, மெதுவாக, “சாப்பிட்டீங்களா?” என்பார். மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வரும். டிப்போவில் யாராவது ஒருத்தரை ஒருத்தர் சாதாரணமாகச் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

எங்கள் தொழிலின் பிரச்சினை என்னவென்று முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். “கண்டக்டருக்கு ரெண்டு கருவி. ஒண்ணு விசில், ஒண்ணு எச்சில். ரெண்டுமே வாயில இருக்கு. வாயை இனிமே மூடியாகணும்” என்றார். ஒரு பையிலிருந்து ஊறுகாய் பாட்டில் மூடிகளை எடுத்துப் பரப்பினார். ஒவ்வொரு மூடிக்குள்ளும் வட்டமாக வெட்டிய ஸ்பாஞ்ச். மூடியில் இரண்டு ஓட்டை போட்டு எலாஸ்டிக் கோத்திருந்தார். வாட்ச் மாதிரி இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், நாக்குக்குப் பதிலாக அதைத் தொட வேண்டும். எலாஸ்டிக்கை அவரே வீட்டில் உட்கார்ந்து தைத்திருந்தார். தையல் கோணல்மாணலாக இருந்ததில் தெரிந்தது. டிக்கெட்டைக் கையில் கொடுக்கக் கூடாது, சீட்டில் வைத்துவிட வேண்டும், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது இரண்டாவது விதி.

விசிலுக்கு நானே ஒரு வழி செய்தேன். பழைய சைக்கிள் மணி ஒன்றைப் பின் படிக்கட்டுக் கம்பியில் முடுக்கினேன். ஒரு தடவை அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். டிரைவர் கலியமூர்த்தி முதல் நாள் மணிச் சத்தம் கேட்டதும் சைக்கிள்காரன் எவனோ குறுக்கே வருகிறான் என்று காலி ரோட்டில் பிரேக் போட்டுவிட்டார். உள்ளே இருந்த நர்ஸுகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். ஊரடங்கு ஆரம்பித்து அந்தப் பஸ்ஸில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்பாஞ்ச் மட்டும் சுலபத்தில் பழகவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மேலே போன விரல் பக்கவாட்டில் போக மறுத்தது. விரல் வாய்க்குப் போகும், மாஸ்க்கில் முட்டும், திரும்பி மணிக்கட்டுக்கு வரும். மாஸ்க்கின் நடுவில் சாயங்காலத்துக்குள் ஒரு கருப்பு வட்டம் விழுந்துவிடும். வசந்தா துவைக்கும்போது, “இதென்ன, மாஸ்க்குக்குத் திருஷ்டிப் பொட்டா?” என்று கேட்பாள். இரண்டாவது விதி சுத்தமாக மறந்தேபோயிற்று. கிழித்தால் கை தானாக நீளும், எதிரே இருப்பவர் வாங்கிக்கொள்வார். சீட்டில் வைப்பது எனக்கு வரவே இல்லை.

அந்தப் பஸ்ஸில் தினமும் வந்தவர் சித்ரா சிஸ்டர். அடையவளஞ்சான் தெருவிலிருந்து காலை முதல் டிரிப்பில் ஏறுவார், மதியம் ஷிப்ட் முடிந்து எங்கள் பஸ்ஸிலேயே திரும்புவார். கொரோனா வார்டில் வேலை. அவர் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சின்னச் சளிகூடப் பிடிக்கக் கூடாத உடம்பு. அதனால் சிஸ்டர் மாடி அறையில் தனியாக இருந்தார். கீழே மாமியார் சமைத்துக் கூடையில் வைப்பார், இவர் மேலேயிருந்து கயிற்றால் தூக்கிக்கொள்வார். சாயங்காலம் மட்டும் பின்கட்டு முற்றத்தில் ஆளுக்கு ஒரு மூலையில் நாற்காலி போட்டு, புருஷனும் பெண்டாட்டியும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்களாம். “காதலிக்கும்போதுகூட இவ்ளோ தள்ளி உக்காந்ததில்லண்ணே” என்பார்.

முதல் வாரத்திலேயே என் விரல் வாய்க்குப் போவதை அவர் கவனித்துவிட்டார்.

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு மட்டும் எச்சி தொடாம கிழிச்சுக் கொடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது வந்தா தாங்க மாட்டாரு.”

“சத்தியமாத் தொட மாட்டேன் சிஸ்டர்” என்று அந்த ஊறுகாய் மூடியின் மேல் கை வைத்துச் சொன்னேன்.

ஆடி மாதம் வந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் யாரையும் இறங்க விடவில்லை. காவிரி மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பெருக்குக்கு இரண்டு நாள் கழித்து, மதிய டிரிப்பில், காவிரிப் பாலத்தின் மேல் என் ஸ்பாஞ்ச் பறந்தது. ஜன்னல் எல்லாம் திறந்தே வைக்க வேண்டும் என்பது உத்தரவு. வெயிலில் காய்ந்து லேசாகிக் கிடந்த ஸ்பாஞ்ச், நான் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்ததும் மூடியிலிருந்து கிளம்பி ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துப் போய்விட்டது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஆறு பேருக்கு டிக்கெட் கிழிக்க வேண்டும். பாலம் இறங்கினால் மாம்பழச் சாலை ஸ்டாப். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. அமலநாதன்தான். டிக்கெட் இல்லாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் தப்பு கண்டக்டருடையது. தோளில் மாட்டிய பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைத் திறந்து விரலை நனைத்திருக்கலாம். இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. மாஸ்க்கை இறக்கினேன், நாக்கைத் தொட்டேன், சரசரவென்று ஆறு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். கடைசி டிக்கெட் சித்ரா சிஸ்டருக்கு.

அவர் பார்த்துவிட்டார். என் விரல் நாக்கிலிருந்து வருவதையும் பார்த்தார், டிக்கெட்டின் ஓரம் ஈரமாக இருப்பதையும் பார்த்தார். ஒரு நொடி கை நிற்கத்தான் செய்தது. அப்புறம் வாங்கிக்கொண்டார்.

அமலநாதன் ஏறி, “எல்லாரும் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டுங்க, போதும்” என்றார். எல்லோரும் தூக்கிக் காட்டினார்கள். சிஸ்டர் இரண்டு விரலால் ஒரு மூலையைப் பிடித்துக் காட்டினார். அமலநாதன் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட்டார். எல்லாம் சரியாக இருந்ததாம்.

மூன்றாம் நாள் எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வசந்தா பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டு ரசம் வைத்தாள். தெருக்கோடி வரைக்கும் மணக்கும் ரசம் அது. “என்ன, இன்னிக்குப் பெருங்காயம் போடலியா?” என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். மறுநாள் டெஸ்டில் உறுதியாகி, ஒரு கல்லூரி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வசந்தாவுக்கு இல்லை என்று வந்ததில் பாதி உயிர் திரும்பி வந்தது.

மீதிப் பாதி அடையவளஞ்சான் தெருவில் இருந்தது. சுகாதாரத் துறையிலிருந்து போன் பண்ணி யார் யாருடன் பழகினேன் என்று கேட்டார்கள். பஸ் நம்பர், டிரிப், நேரம் எல்லாம் சொன்னேன். எச்சில் தொட்ட கதையைச் சொல்லவில்லை. பஸ்ஸில் வந்தவர்களுக்கு அவர்களே தகவல் சொல்லிவிடுவார்கள், நாம் வேறு எதற்கு அசிங்கப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், மெமோவுக்கும் பயந்தேன். ஓய்வு பெறும் நேரத்தில், பயணிக்கு எச்சில் டிக்கெட் கொடுத்தவன் என்று என் பேரில் ஒரு தாள் இருக்குமே என்று பயம்.

கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தேன். கண்ணை மூடினால் முற்றத்தில் எதிரெதிர் மூலையில் இரண்டு நாற்காலி தெரிந்தது. பட்டியலில் எண்பது பேர் இருக்கும்போது அந்த வீட்டுக்குத் தகவல் எப்போது போய்ச் சேருமோ, அதற்குள் எத்தனை சாயங்காலம் சிஸ்டர் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாரோ. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆனால் நான் உயிரோடு வீடு திரும்பி என்ன பண்ணுவது என்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்து அமலநாதனுக்குப் போன் போட்டேன்.

“சார், கோவிந்தராஜ் பேசறேன்.”

“சொல்லுங்க கோவிந்தராஜ், சாப்பிட்டீங்களா?”

சரி, விஷயம் தெரிந்துவிட்டது, மெமோ தயாராகிவிட்டது என்றே நினைத்தேன்.

“சார், எல்லாத்தையும் சொல்லிடறேன். அன்னிக்கு மாம்பழச் சாலையில நீங்க ஏறுனீங்கள்ல, அதுக்கு முன்னாடி ஸ்பாஞ்ச் பறந்துடுச்சு. ஆறு டிக்கெட்டு எச்சி தொட்டுத்தான் கிழிச்சேன். சித்ரா சிஸ்டருக்கும் கொடுத்துட்டேன். அவங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி மாத்தியிருக்கு சார்.”

போனில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“அவங்க வீடு எங்க?”

சொன்னேன்.

“சரி, நான் பாத்துக்கறேன். மத்த அஞ்சு பேருக்கும் சொல்லிடறேன். நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே.”

“என்ன சார்?”

“சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். அங்க சாப்பாடு நல்லாப் போடறாங்களா?”

இத்தனை வருடத்தில் அவர் அதை நிஜமாகவே கேட்டது அன்றைக்குத்தான். “போடறாங்க சார், ருசிதான் தெரியல” என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். 

அமலநாதன் அன்று சாயங்காலமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அடையவளஞ்சான் தெருவுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்று சத்தமாகச் சொன்னால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், அந்த வீட்டு ஜனங்கள் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வர முடியாது. அதனால் ஒரு தாளில் எழுதி, மாடியிலிருந்து தொங்கிய கூடையில் வைத்துவிட்டு மணியடித்திருக்கிறார். அந்தக் கூடையில் அதுவரை இட்லியும் சாம்பாரும்தான் ஏறியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து அவரே போனில் சொன்னார். சிஸ்டருக்கும் வந்துவிட்டது, லேசாகத்தான் வந்தது, அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருக்கிறார். அவர் கணவருக்கும் மாமியாருக்கும் இரண்டு தடவை டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, இருவருக்கும் இல்லை. போனை வைத்துவிட்டு விடுதி வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அங்கே இருந்தவர்களை எல்லாம் “தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க” என்று அதட்டிக்கொண்டே நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மெமோ வரவில்லை. நான் மறுபடி டியூட்டிக்குப் போனபோது என் டிக்கெட் பெட்டிக்குள் புது ஊறுகாய் மூடி ஒன்று இருந்தது. இந்தத் தடவை ஸ்பாஞ்சை மூடியோடு சேர்த்து நூலால் தைத்திருந்தார். தையல் அதே கோணல்தான்.

ஒரு வாரத்தில் சித்ரா சிஸ்டரும் பஸ்ஸுக்கு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நான் பார்க்காதவன் மாதிரி முன்பக்கம் போய் ஒவ்வொரு சீட்டாகக் கிழித்துக்கொண்டு வந்தேன். எத்தனை சீட் இருந்தாலும் கடைசி சீட் வந்துதானே ஆக வேண்டும்.

“என்னண்ணே, என்னைப் பாத்தா ஒளிஞ்சுக்கறீங்க?”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது சிஸ்டர்? என்னாலதானே...”

“யாரு கண்டா? நான் இருந்ததே கொரோனா வார்டு. நான் உங்களுக்குக் கொடுத்தேனா, நீங்க எனக்குக் கொடுத்தீங்களான்னு அந்தக் கொரோனாவைத்தான் கேக்கணும். எச்சி தொட்டதைப் பாத்த அன்னிலேர்ந்தே நான் முற்றத்துக்குப் போகலண்ணே. மாடியிலேர்ந்தே போன்ல பேசிக்கிட்டோம். உங்க இன்ஸ்பெக்டர் தாள்ல எழுதி அனுப்பினாரு, அப்புறம்தான் போய் டெஸ்ட் எடுத்தேன்.”

“அப்படின்னா அந்த டிக்கெட்டை ஏன் வாங்கினீங்க? வேற கிழிங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் அப்போது பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

“சொல்லியிருக்கலாம்தான். ஆனா எங்க யூனிபாரத்தைப் பாத்தா ஆட்டோக்காரர் நிறுத்த மாட்டேங்கறாரு. பால்காரர் பாலைத் தெருவுலயே வச்சிட்டுப் போறாரு. மத்த பஸ்ல எல்லாம் டிக்கெட்டை சீட்டுல போட்டுட்டு நகர்ந்துடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் மொத நாள்லேர்ந்து கையில கொடுத்தீங்க. அன்னிக்கு அந்தக் கையைப் போய் வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரலண்ணே.”

சிஸ்டர், அது பெரிய மனசெல்லாம் இல்லை, சீட்டில் வைக்கச் சொல்லித்தான் எனக்கும் உத்தரவு, பழக்கதோஷத்தில் கை நீண்டுவிட்டது, நாக்கைத் தொட்டதும் அதே பழக்கதோஷம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டேன். ஒரு டிக்கெட்டைக் கிழித்தேன். சீட்டில்தான் வைக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அத்தனை வருட சர்வீஸில் முதல் தடவையாக, பழக்கத்தில் இல்லாமல் வேண்டுமென்றே, அவர் கையில் கொடுத்தேன்.